பள்ளிப் பேருந்து ஒப்பந்தம்: விலை உறையைப் பிரிப்பதற்கு முன்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் சென்னைப் பள்ளிகளில் இரண்டு பேச்சுகள் அடிபடும். பேருந்துக் கட்டணம் ஏன் இவ்வளவு ஏறியது என்று பெற்றோர் கேட்பது ஒன்று. அடுத்த ஆண்டுக்கு எந்த டிராவல்ஸிடம் வண்டிகளை ஒப்படைப்பது என்று தாளாளரும் கணக்கரும் அலுவலக அறைக்குள் பேசிக்கொள்வது இன்னொன்று. இரண்டிலும் பாதுகாப்பு என்ற சொல் தவறாமல் வரும், "எல்லா வண்டிக்கும் எஃப்.சி. இருக்கிறது" (எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்ற அரசுச் சான்று) என்ற ஒரே வரியோடு அந்தப் பேச்சு முடிந்தும் போகும்.

என் மகள் படித்த பள்ளியின் போக்குவரத்துக் குழுவில் பெற்றோர் தரப்பில் 3 ஆண்டுகள் இருந்தேன். அங்கே திரும்பத் திரும்பக் கேட்டவை மூன்று நம்பிக்கைகள். எஃப்.சி. இருந்தால் வண்டி பத்திரமானது என்பது முதலாவது. குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுப்பதுதான் நேர்மை என்பது இரண்டாவது. வெளியாளிடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பும் அவரோடு போய்விடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அதனாலேயே அவற்றை மாற்றுவது கடினமாக இருக்கிறது. ஒப்பந்தம் என்ற தாளுக்கும் சாலையில் ஓடும் பேருந்துக்கும் உள்ள தொடர்பை இத்துறைக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்யாணச் சமையல் கணக்கு

வீட்டில் கல்யாணம். இரண்டு சமையல் காண்ட்ராக்டர்களிடம் "300 இலைக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறீர்கள். ஒருவர் இலைக்கு 320 ரூபாய் என்கிறார், மற்றவர் 240 ரூபாய் என்கிறார். 240 ரூபாய்க்காரர் ஏமாற்றுக்காரர் என்று உடனே சொல்லிவிட முடியாது. அவர் மனத்தில் இருக்கும் சாப்பாடு வேறு. முன்னவர் நெய்யும் முந்திரியும் இரண்டு பாயசமும் கணக்கிட்டிருப்பார். பின்னவர் வனஸ்பதியும் ஒரு பாயசமும் கணக்கிட்டிருப்பார். என்னென்ன பரிமாற வேண்டும் என்ற பட்டியலைக் கையில் கொடுக்காமல் விலை கேட்டது நம் தவறு.

பேருந்து ஒப்பந்தத்திலும் இதுவே நடக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஒரு பேருந்தை ஒரு மாதம் ஓட்டுவதற்கு ஆகும் செலவுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டீசல், சாலை வரி, காப்பீடு, வங்கித் தவணை ஆகியவை ஒரு வகை. இவற்றில் எந்த ஒப்பந்ததாரரும் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. பங்க்கில் எல்லோருக்கும் ஒரே விலைதான். டயர், பிரேக் லைனிங், ஓட்டுநரின் சம்பளம், உதவியாளரின் சம்பளம், பழுதானால் அனுப்புவதற்கான மாற்று வண்டி ஆகியவை மற்றொரு வகை. இவற்றில் மிச்சம் பிடிக்கலாம். ஆகவே ஒருவர் மற்றவரைவிடக் குறைத்துக் கேட்கிறார் என்றால், அவர் குறைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் இருக்கும். குழந்தையின் உயிரோடு நேரடித் தொடர்புடைய செலவுகள் அனைத்தும் அந்த வகையிலேயே இருக்கின்றன. விலைப் போட்டி நடக்கும் இடமும் பாதுகாப்பு இருக்கும் இடமும் ஒன்றே என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு வண்டிக்கு மாதம் 80,000 ரூபாய் என்று ஒருவரும் 66,000 ரூபாய் என்று இன்னொருவரும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 14,000 ரூபாயைத் துருவிப் பார்த்தால், உதவியாளர் சம்பளம் 9,000, டயர் ஒதுக்கீட்டில் 3,000, மாற்று வண்டிக்கான பங்கில் 2,000 என்று கணக்கு வரலாம். உதவியாளர் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்று கேட்கும்போதே எழுதியிருந்தால் இரண்டாமவரும் அந்த 9,000 ரூபாயைச் சேர்த்துத்தான் கேட்டிருப்பார். அப்போது இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 5,000 ரூபாயாகக் குறைந்திருக்கும். ஒப்பிடுவதும் நியாயமாக இருந்திருக்கும்.

ஒப்பந்தப்புள்ளியும் இரண்டு உறைகளும்

ஒரு வேலையை இன்ன நிபந்தனைகளின்படி செய்து தர என்ன விலை என்று பலரிடம் எழுத்தில் கேட்பதும், அதற்கு அவர்கள் எழுத்தில் தரும் பதிலும் ஒப்பந்தப்புள்ளி எனப்படும். பேச்சில் எல்லோரும் டெண்டர் என்கிறோம். அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இதை எப்படி நடத்த வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. தனியார் பள்ளியை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் கற்றுக்கொள்ள ஒரு செய்தி உண்டு. மிகக் குறைந்த விலையை ஏற்க வேண்டும் என்று மொட்டையாக அது சொல்லவில்லை. ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளின் அடிப்படையில் எது மிகக் குறைந்தது என்று கண்டறியச் சொல்கிறது. எல்.1, அதாவது விலை வரிசையில் முதலில் நிற்பவர், தானாகவே வென்றுவிடுவார் என்று டீக்கடையில் பேசப்படுவது அந்தச் சட்டத்தின் பாதி வாக்கியம் மட்டுமே.

இரு உறை முறை என்பது இதற்கான எளிய ஏற்பாடு. முதல் உறையில் வண்டிகளின் விவரம், ஓட்டுநர்களின் உரிமம், பராமரிப்புப் பதிவேடு போன்ற தகுதி ஆவணங்கள் இருக்கும். இரண்டாவது உறையில் விலை மட்டும் இருக்கும். முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாவது உறை மட்டுமே பிரிக்கப்படும். தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாமலே திருப்பிக் கொடுக்கப்படும். இந்த வரிசை முக்கியம். 66,000 என்ற எண்ணைக் கண் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அவருடைய வண்டியின் தேய்ந்த டயர் "அவ்வளவு மோசமில்லை" என்று தோன்றத் தொடங்கிவிடும். குழுவில் நல்லவர்கள் இருந்தாலும் இப்படித் தோன்றும். நானே அப்படி நினைத்திருக்கிறேன்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு: எழுதாத பாதுகாப்பை எந்த ஒப்பந்ததாரரும் விலையில் சேர்க்க மாட்டார், எழுதியதைச் சரிபார்க்கும் வேலை விலையைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எஃப்.சி. சொல்வதும் சொல்லாததும்

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி போக்குவரத்து வாகனங்களுக்கு வழங்கப்படுவது. குறிப்பிட்ட ஒரு நாளில் அந்த வண்டி விதிகளுக்கு உட்பட்ட நிலையில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போலத்தான்: ஜனவரியில் சர்க்கரை அளவு சரியாக இருந்தது என்ற சீட்டை ஆகஸ்டில் காட்டினால் மருத்துவர் ஒப்புக்கொள்வாரா?

சென்னைக்கு இந்தப் பாடம் மிகக் கொடூரமாக வந்து சேர்ந்தது. 2012 ஜூலை 25 அன்று, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், இரண்டாம் வகுப்பு படித்த சிறுமி ஒருத்தி ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அந்த வண்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. அது ஒப்பந்த முறையில் இயக்கப்பட்ட வண்டி. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாகவே பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழ்நாட்டின் சிறப்பு விதிகள் 2012இல் உருவாயின. பள்ளி திறக்கும் முன் போக்குவரத்து அலுவலர்கள் மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, படிக்கட்டின் உயரம், தளம் ஆகியவற்றைச் சோதிக்கும் காட்சியை இன்று ஆண்டுதோறும் செய்திகளில் பார்க்கிறோம்.

தளத்தில் ஓட்டை எப்படி விழுகிறது என்பதை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நேரில் பார்த்தேன். எங்கள் பள்ளிக்காக வண்டிகளைப் பார்க்கப் போயிருந்த நாள் அது. பேருந்தின் தளம் ஒரே தகடு அல்ல. அடியில் இரும்புக் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்போ அலுமினியத் தகடோ இருக்கும். மேலிருந்து பார்த்தால் அந்த வண்டியின் தளம் பளபளவென்று இருந்தது. மெக்கானிக் நடைபாதையின் விரிப்பை ஒரு மூலையில் தூக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரின் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் தொப்பென்று மாறியது. "மேலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது சார், கீழே வாங்க" என்று, வண்டியின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்காகப் பட்டறையில் வெட்டியிருக்கும் குழிக்குள் அழைத்துப் போனார். குறுக்குச் சட்டத்தை நகத்தால் சுரண்டினார். துரு அப்பளம் உடைவதுபோல் அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. அந்த வண்டியின் எஃப்.சி.க்கு இன்னும் 5 மாதம் மிச்சம் இருந்தது.

கடலோரத்தில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று ஒரு பகை. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓடுவது இன்னொரு பகை. சென்னை வண்டிக்கு இரண்டும் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் "செல்லுபடியாகும் தகுதிச் சான்று இருக்க வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழியில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும், பள்ளியின் ஆள் உடன் இருக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு யாருடையது என்பதும் எழுதியிருக்க வேண்டும். செலவு யாருடையது என்று எழுதாத சோதனை நடக்கவே நடக்காது.

பாஸ் மார்க்கும் மொத்த மார்க்கும்

தகுதியை எப்படி அளப்பது? இங்கே பலர் தடுமாறுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. கணக்கில் 30 வாங்கியவரைத் தமிழில் வாங்கிய 98 காப்பாற்றாது. தேர்ச்சி பெற்றவர்களுக்குள் யார் முதலிடம் என்று பார்க்கும்போதுதான் மொத்த மதிப்பெண் வருகிறது.

பேருந்து ஒப்பந்தத்திலும் இந்த இரண்டு கட்டங்களும் வேண்டும். ஓட்டுநருக்குக் கனரக வாகன உரிமம், வண்டிக்கு உரிய பர்மிட், காப்பீடு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர் ஆகியவை பாஸ் மார்க் வகை. இதில் ஒன்று குறைந்தாலும் வெளியே. இவற்றுக்கு மதிப்பெண் போடுவதே தவறு, ஏனென்றால் மதிப்பெண் போட்டால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடும். புது வண்டி வைத்திருக்கிறார் என்பதற்காக உரிமம் இல்லாத ஓட்டுநரை ஏற்க முடியாது.

அதற்கு மேற்பட்டவை மதிப்பெண் வகை: வண்டிகளின் சராசரி வயது, சொந்தப் பட்டறை உண்டா, ஓட்டுநர்கள் எத்தனை ஆண்டுகளாக அவரிடமே இருக்கிறார்கள், கடந்த ஆண்டுகளின் விபத்துப் பதிவேடு. இந்த மதிப்பெண்ணையும் விலையையும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ப்பதைத் தர–விலைக் கூட்டு மதிப்பீடு என்கிறார்கள். முன்பு சொன்ன அதே இருவரை எடுத்துக்கொள்வோம். 80,000 கேட்டவர் பாதுகாப்பில் 90 மதிப்பெண், 66,000 கேட்டவர் 60 மதிப்பெண் பெறுகிறார்கள் என்று கொள்வோம். விலைக்கு, மிகக் குறைந்தவருக்கு 100. மற்றவருக்கு 66,000ஐ 80,000ஆல் வகுத்து 82.5. பாதுகாப்புக்கு 60 விழுக்காடும் விலைக்கு 40 விழுக்காடும் என்று கணக்கிட்டால், முதலாமவர் 87, இரண்டாமவர் 76. விகிதத்தைப் பாதுகாப்புக்கு 30, விலைக்கு 70 என்று மாற்றினால் முதலாமவர் 84.75, இரண்டாமவர் 88. ஆட்களும் மாறவில்லை, வண்டிகளும் மாறவில்லை, வென்றவர் மட்டும் மாறிவிட்டார். விகிதத்தை முன்கூட்டியே அறிவிக்காத இடத்தில், முடிவை முதலில் எடுத்துவிட்டு விகிதத்தைப் பின்னால் பொருத்த முடியும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

பணம் கொடுக்கும் விதமே ஓட்டும் விதம்

ஒப்பந்தத்தில் எல்லோரும் அவசரமாகக் கடந்து போகும் பக்கம் பணம் வழங்கும் நிபந்தனைகள். என் கருத்தில் பாதுகாப்பைப் பொறுத்தவரை மிக முக்கியமான பக்கம் அதுதான்.

ஒரு நடைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், ஒரே வண்டி எத்தனை நடை போகிறதோ அவ்வளவு வருமானம். எல்.கே.ஜி. குழந்தைகளை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குப் பறந்து, பிறகு ஓ.எம்.ஆரில் ஏதாவது நிறுவனத்தின் ஷிப்டுக்கும் அதே வண்டி போகும். மாதத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் இந்த ஓட்டம் குறையும். ஆனால் வண்டி வராத நாளுக்கும் பணம் போகும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது மூன்றாவது முறை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தொடங்கிய மின்பேருந்துகள் இந்த வகை ஒப்பந்தத்தில் ஓடுகின்றன: பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இயக்குபவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் உண்டு. ஆள் பிடிக்க விரட்டும் தேவை அங்கே இல்லாமல் போகிறது. பள்ளிக்கு மாதத் தொகையும் வராத நாளுக்குப் பிடித்தமும் சேர்ந்த முறை பொருந்திவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

தாமத அபராதத்துக்கு வருவோம். "10 நிமிடம் தாமதமானால் 500 ரூபாய் பிடிக்கப்படும்" என்ற வரியைப் பள்ளிகள் பெருமையாக எழுதுகின்றன. அந்த 500 ரூபாயை ஒப்பந்ததாரர் ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிப்பார். மெட்ரோ ரயில் பணிக்காகத் திருப்பிவிடப்பட்ட ஆற்காடு சாலையில் கால் மணி நேரம் நின்றுவிட்ட ஓட்டுநருக்கு அந்த வரி "வேகமாக ஓட்டு" என்ற கட்டளையாகவே கேட்கும். தாமதத்துக்கு அபராதம் வைக்க வேண்டுமென்றால் வண்டி புறப்பட்ட நேரத்துக்கு வையுங்கள், வந்து சேர்ந்த நேரத்துக்கு வைக்காதீர்கள். புறப்படுவது ஓட்டுநர் கையில் இருக்கிறது. வந்து சேர்வது சென்னைப் போக்குவரத்தின் கையில் இருக்கிறது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1997 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லியின் பள்ளிப் பேருந்துகளுக்குப் பிறப்பித்த உத்தரவில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற வரம்பு இருந்தது. பின்னர் நாட்டின் பல பகுதிகளில் பள்ளி வாகன நெறிகளுக்கு அந்த உத்தரவே அடிப்படையானது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று கொண்டால் அதிலேயே 11 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு நிற்க ஏறத்தாழ இன்னும் 12 மீட்டர். மொத்தம் 23 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கணக்கு 17ம் 28ம் சேர்ந்து 45 மீட்டராகிறது. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது வண்டி குறித்த வேகத்தைத் தொட்டதும் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் குறைப்பது. அது பிரேக் பிடிக்காது; மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டி வரம்பைத் தாண்டலாம். வயரைப் பிடுங்கிவிட்டால் கருவியே வேலை செய்யாது. ஆகவே "கருவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது, ஜி.பி.எஸ். பதிவில் வேகத்தைப் பள்ளியே வாரம் ஒருமுறை பார்க்கும் உரிமையையும் எழுத வேண்டும். பார்ப்பதற்கு ஓர் ஆளையும் நியமிக்க வேண்டும். யாரும் திறந்து பார்க்காத ஜி.பி.எஸ். கடைவாசலில் வயர் இல்லாமல் தொங்கும் கேமராவைப் போன்றது.

மழை நாளுக்கான வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருப்பதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ தி.நகரின் துரைசாமி சுரங்கப்பாதையிலோ தண்ணீர் தேங்கினால் மாற்றுப் பாதை எது, அதைத் தீர்மானிப்பவர் யார், கூடுதல் டீசலுக்கு யார் பணம் கொடுப்பது என்பது எழுதப்படாவிட்டால், ஓட்டுநர் தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளந்து உள்ளே இறக்கிப் பார்ப்பார்.

சுருங்கச் சொன்னால், பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதுவே சாலையில் நடக்கும். நிபந்தனைப் பக்கத்தில் நிதானத்தை வலியுறுத்திவிட்டு, பணப் பக்கத்தில் அவசரத்துக்குக் கூலி கொடுத்தால் பணப் பக்கம்தான் வெல்லும்.

டிரைவர், ஆக்டிங் டிரைவர், ஆயா

ஓட்டுநரின் உரிமம், அனுபவம், கண் பரிசோதனை, காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது இரண்டு. முதலாவது, வேலை நேரம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தது. ஆனால் இரவு 2 மணி வரை நிறுவன ஷிப்ட் ஓட்டிவிட்டுக் காலை 6 மணிக்குப் பள்ளி வண்டியில் ஏறும் ஓட்டுநரைப் பள்ளியின் எந்தப் பதிவேடும் காட்டிக்கொடுக்காது. பள்ளி வழித்தடத்து ஓட்டுநரை வேறு பணிக்கு அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையும், அதற்கேற்ற சம்பளம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வியும் ஒன்றாகப் போக வேண்டும். அரை நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு முழுநாள் ஓய்வை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, ஆக்டிங் டிரைவர். வழக்கமான ஓட்டுநர் விடுப்பு எடுத்தால் அன்றைக்கு மட்டும் தினக்கூலிக்கு வருபவர் அவர். எல்லா ஆவணங்களும் சரிபார்க்கப்பட்டவர் வீட்டில் படுத்திருக்க, யாரும் சரிபார்க்காதவர் வண்டி ஓட்டுவார். அவருக்கு வழித்தடம் தெரியாது. எந்த வளைவில் எந்தக் குழந்தை ஓடிவந்து ஏறும் என்பது தெரியாது. 5 வழித்தடத்துக்கு ஒருவர் என்ற கணக்கில், முன்பே சரிபார்த்த மாற்று ஓட்டுநர்களின் பட்டியலை முதல் உறையிலேயே கேட்பது நல்லது. இதே தர்க்கம் வண்டிக்கும் பொருந்தும்: தன் வண்டி போதாமல் வேறொருவரின் வண்டியைச் சேர்த்து ஓட்டும் உள் குத்தகையைப் பள்ளியின் எழுத்து அனுமதியின்றி அனுமதிக்கக் கூடாது.

வண்டியில் வரும் உதவியாளரைக் குழந்தைகள் ஆயா என்கிறார்கள். அவருடைய வேலை அதட்டி உட்கார வைப்பது மட்டும் அல்ல. ஏறியவர்களை எண்ணுவது, இறங்கியவர்களை எண்ணுவது, நடை முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்துபோய்த் தூங்கிவிட்ட குழந்தை யாராவது இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை அவர் பணிகள். சென்னை வெயிலில் மூடிய பேருந்துக்குள் ஒரு குழந்தை அரை மணி நேரம் கிடப்பது விளையாட்டு அல்ல.

ஆபத்து பெரும்பாலும் வண்டிக்கு வெளியே

பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநருக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. பின்புறத்திலும் இடப்பக்க முன்சக்கரத்தை ஒட்டியும் அப்படியே. இவற்றைப் பார்வை மறைவிடம் என்பார்கள். மூன்றடி உயரக் குழந்தை அங்கே நின்றால் ஓட்டுநருக்குத் தலை தெரியாது. நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகிறது, கதவும் இடப்பக்கம். எதிர்ப்புறம் வீடு இருக்கும் குழந்தை இறங்கியதும் வண்டியின் முன்னாலேயே குறுக்கே ஓடுகிறது.

2022 மார்ச் 28 அன்று ஆழ்வார்திருநகரில் ஒரு பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் உயிரிழந்தான். அதன் பிறகு தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவையும், பின்பக்கம் எச்சரிக்கும் உணரியையும் கட்டாயமாக்கியது. அவை வேண்டும்தான். ஆனால் ஒப்பந்தத்தில் செலவே இல்லாமல் சேர்க்கக்கூடியவையும் உண்டு: வண்டி பின்னோக்கி நகரும்போது உதவியாளர் கீழே இறங்கி நிற்க வேண்டும், எதிர்ப்புறம் போக வேண்டிய குழந்தையை அவரே கைப்பிடித்துக் கடத்திவிட வேண்டும், நிறுத்தங்களைக் குழந்தை சாலையைக் கடக்காதபடி அமைக்க வேண்டும். மூன்றாவது வரிக்காக வழித்தடம் 2 கிலோமீட்டர் நீளலாம். விலை கேட்பதற்கு முன்பே வழித்தடத்தை வரைந்துவிட்டால் அது சச்சரவாகாது.

பொறுப்பு கைமாறுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் கல்வி நிறுவனப் பேருந்து என்பதற்கு, நிறுவனமே உடைமையாக வைத்திருந்து மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்றிச் செல்ல மட்டும் பயன்படுத்தும் வண்டி என்று பொருள். ஒப்பந்ததாரரின் பெயரில் இருக்கும் வண்டி அந்த வரையறைக்குள் வராது. அதற்கான பர்மிட்டும் காப்பீடும் வேறு வகை. மஞ்சள் வண்ணம் பூசிவிட்டதால் மட்டும் அது மாறிவிடாது. எந்த உபயோகத்துக்குப் பர்மிட் இருக்கிறதோ அதற்கு மாறாக வண்டி ஓடினால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்ய இடம் ஏற்படும். ஆவணங்களை வாங்கி வைத்தால் போதாது. அவற்றிலுள்ள உபயோக வகையையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒப்பந்தம் என்பது பள்ளிக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான ஏற்பாடு. பெற்றோர் கையெழுத்திட்டது பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில். பணம் கட்டியதும் பள்ளியின் ரசீதுக்கு. வேலையை வெளியாளிடம் கொடுக்கலாம்; கவனித்துக்கொள்ளும் கடமையைக் கொடுக்க முடியாது. அந்தக் கடமையை நிறைவேற்றப் பள்ளிக்குக் கையில் அதிகாரம் வேண்டும்: முன்னறிவிப்பின்றிச் சோதிப்பது, பழுதான வண்டியை அந்த நிமிடமே நிறுத்துவது, ஓட்டுநரை மாற்றச் சொல்வது, திரும்பத் திரும்பத் தவறினால் ஒப்பந்தத்தை முறிப்பது. நிறுத்தும் அதிகாரத்தோடு மாற்று வண்டியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலை 6.40க்கு டயர் மொட்டையாக இருப்பதைக் கண்டுபிடித்த போக்குவரத்துப் பொறுப்பாளர், 42 குழந்தைகள் சாலையோரம் நிற்பதை நினைத்து, "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்குங்க" என்றுதான் சொல்வார்.

பெற்றோராக என்ன கேட்கலாம்?

விலையைக் கேட்க வேண்டாம். அது பள்ளியின் கணக்கு. மாற்று வண்டி எத்தனை இருக்கிறது, ஆக்டிங் டிரைவர் பட்டியலில் யார் யார், கடைசியாக வண்டி குழியில் ஏறியது எந்தத் தேதியில் என்று கேட்கலாம். பெரும்பாலான பள்ளிகள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும். மூன்றாவது கேள்விக்குப் பதிவேட்டைத் தேடும். எங்கள் குழுவில் இந்த மூன்றையும் முதல் ஆண்டு கேட்டபோது பதில் வர 3 வாரம் ஆனது. அடுத்த ஆண்டு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தார்கள்: ஒவ்வொரு வண்டியின் சோதனைத் தேதியும் ஓட்டுநரின் பெயரும் கதவுக்கு உள்பக்கம், குழந்தையை ஏற்றிவிடும் பெற்றோரின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தாளைத் தினமும் முதலில் படித்தது என் மகள்தான். ஒருநாள் வந்து, "அப்பா, நம்ம வண்டியில பழைய தேதியே இருக்கு" என்றாள்.